வியாழக்கிழமை டிக்கெட்

ணங், ணங், ணங். கடம்பூர் ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டரான அப்பாவின் அறைக்கு வெளியே ஒரு தண்டவாளத் துண்டைக் கம்பி கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். முந்தின ஸ்டேஷனை விட்டு ரயில் கிளம்பியாயிற்று என்று தெரிந்ததும் போர்ட்டர் இரும்புக் கோலால் அதை மூன்று முறை அடிப்பார். அடி மூன்றுதான். சத்தம் மட்டும் கரிசல் காட்டின் மேல் படர்ந்து, வெயிலில் காயப்போட்ட புடவை மாதிரி அசைந்துகொண்டே போகும். அறுபது வருடத்துக்கு முந்தைய அந்தச் சத்தம் இப்போது எதற்கு வந்தது என்று பார்த்தால், தலைக்கு மேலே ஏதோ டிங் என்றிருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தமாம். எவ்வளவு மரியாதையான மணி, தூங்குகிறவனை எழுப்பாமலே செய்தி சொல்லிவிடுகிறது. நான் கழற்றவில்லை. இந்த உயரத்தில் இடுப்பை ஒன்று பிடித்துக்கொண்டிருப்பது ஆறுதலாக இருக்கிறது. சென்னையிலிருந்து டெல்லிக்கு இரண்டே முக்கால் மணி நேரம். எழுபது வயதில் தனியாக நான் போகும் முதல் விமானம், முதியோர் சலுகையும் கோடைச் சலுகையும் சேர்ந்த டிக்கெட். ஜன்னலும் இல்லை, நடைபாதையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஓர் இருக்கை. முதுகு சாயாது. முழங்கால் முன் இருக்கையின் பையை உரசுகிறது. அதனால் என்ன. நாளைக் காலை எட்டரை மணிக்கு டெல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் என் தங்கை பிரமுவின் குரல்வளையை எடுக்கப் போகிறார்கள். புற்று. அதற்குப் பிறகு அவள் இருப்பாள், பேச மாட்டாள். இன்று ஆறு மணிக்குள் அவள் கட்டிலருகே போய்விட்டால் எனக்கு ஒரு சாயங்காலம் கிடைக்கும். மூன்று வாரத்துக்கு முன் போனில் அவளேதான் கூப்பிட்டாள். அப்போதே அந்தக் குரலில் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் கலந்திருந்தது. "யக்கா, வந்து ரெண்டு நாள் இரேன். பேசிக்கிட்டு இருப்போம். பொறவு நீ மட்டும்லா பேசணும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டு, அவள் மகள் மங்கை வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

மூன்று வாரம். இந்த இடத்துக்கு வந்ததும் மனசு முள் குத்தின கால் மாதிரி நின்றுவிடுகிறது. அன்றைக்கே டிக்கெட் போட உட்கார்ந்தேன். போனில் போட எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடம் நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டவள், இதற்கா பயப்படுவேன். வரிசையாகத் தேதிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே விலை, மலிவான நாளெல்லாம் பச்சை. அடுத்து வந்த செவ்வாய் பச்சை, புதனும் பச்சை. செவ்வாயைத் தொட்டேன். பெயரைத் தட்டினேன், வயதைத் தட்டினேன், பணம் கட்டுகிற இடம் வரை வந்துவிட்டேன். அப்போது அம்மா சொன்னாள், செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம்லாட்டீ, என்று. அம்மா செத்து இருபத்து நாலு வருடம் ஆகிறது. செவ்வாயும் புதனும் வடக்கே பயணம் ஆகாது, போயே தீரவேண்டும் என்றால் ஒரு வாய் பால் குடித்துவிட்டுப் படியிறங்க வேண்டும். மேற்கே என்றால் வெல்லம், கிழக்கே என்றால் தயிர். ரயில்வேக்காரன் பெண்டாட்டியாக இருந்துகொண்டு அம்மா கால அட்டவணையையும் பஞ்சாங்கத்தையும் ஒரே ஆணியில் மாட்டியிருந்தாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாதவள் விரலை ஏன் எடுத்தேன். எனக்காக என்றால் எடுத்திருக்க மாட்டேன், பிரமுவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அப்புறம் ஆயுசு முழுக்க அந்தச் செவ்வாய்க்கிழமை உறுத்துமே என்றுதான். வெள்ளி, சனியில் போயிருக்கலாம். அவை சிவப்பு. முழு விலை கொடுத்துப் பயணம் போவது எங்கள் வீட்டில் ஒரு மாதிரிக் கெட்ட பழக்கம். வருடத்துக்கு இத்தனை பாஸ் என்று ரயில்வே கொடுக்கும், அந்த பாஸ் வந்தால்தான் எங்களுக்கு ஊர் வரும், கோயில் வரும், கல்யாண வீடு வரும். பாஸ் வருகிறவரை சாவைக்கூடக் காத்திருக்கச் சொல்வார் அப்பா என்று பிரமு கேலி செய்வாள். பாஸில் வளர்ந்த கை, தானாகப் பச்சையைத் தேடிப் போயிற்று. இரண்டு வாரம் தள்ளி ஒரு வியாழக்கிழமை பச்சையாக இருந்தது. ஆபரேஷன் அதற்கு அடுத்த திங்கட்கிழமைக்குத்தான் அப்போது குறித்திருந்தார்கள். வியாழன் போனால் நாலு நாள் பேசலாம். நாலு நாள் போதாதா. போன சனிக்கிழமை மங்கை கூப்பிட்டாள், "பெரியம்மா, டாக்டர் முன்னாடியே பண்ணிடலாம்னு சொல்லிட்டார். வெள்ளிக்கிழமையே." சலுகை டிக்கெட்டில் தேதி மாற்ற முடியாது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. வேறு டிக்கெட் வாங்கியிருக்கலாம். வாங்கியிருக்கலாம். பென்ஷன் வருகிறது, தனி ஆள். வாங்கியிருக்கலாம். ஆனால் ஒரு சாயங்காலம் கையில் இருக்கிறதே என்று தோன்றிற்று. பேச வேண்டியது என்னவோ ஒரே ஒரு வாக்கியம்தானே.

நடைபாதைப் பக்கம் உட்கார்ந்திருக்கிற அம்மாள் மடியில் ஒரு டப்பாவைத் திறக்கிறாள். தக்காளிச் சோறு. விமானம் முழுக்க வாசனை போகிறது. மயிலாத்தாள் என்று ஏறினவுடனேயே சொல்லிவிட்டாள், திருப்பூர், குழந்தைகள் பனியன் வியாபாரம், டெல்லியில் கடைகடையாகப் போய் ஆர்டர் எடுக்கிறாள். "கோயமுத்தூர்ல இருந்து நேராப் போனா ரெண்டு பங்குக் காசுங்க. அதான் ராத்திரி பஸ் ஏறி மெட்ராஸ் வந்து, இதுல போறேனுங்க. அலைச்சல்தான், உடம்பு என்ன கல்லாப்பெட்டியா, எடுத்து எடுத்துக் கொறையறதுக்கு?" தள்ளுவண்டியோடு வந்த பெண் படம் போட்ட அட்டையை நீட்டுகிறாள். கோப்பையில் வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் உப்புமாவாகிவிடும் பொடி, முந்திரி, பழச்சாறு, கழுத்துக்கு ஊதிக்கொள்ளும் தலையணை, போர்வை, எல்லாவற்றுக்கும் விலை. வெந்நீர் மட்டும் சும்மா. ஒரு கோப்பை வெந்நீர் வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். மேலே இருக்கிற துளையிலிருந்து குளிர்ந்த காற்று உச்சந்தலையில் ஊற்றுகிறது, அதைத் திருகி மூடத் தெரியவில்லை, மயிலாத்தாள் எழுந்து மூடிவிடுகிறாள். "ஜன்னல் சீட்டுக்குத் தனிக் காசு கேட்டானுங்க. வானத்தப் பாக்கறதுக்கு என்னத்துக்குங்க காசு, மொட்டை மாடிக்குப் போனாச் சும்மா காட்டுது." காசு கொடுத்து ஜன்னல் வாங்கின மனிதர் அதை இழுத்து மூடிவிட்டு வாயைத் திறந்து தூங்குகிறார். "டெல்லியில யாருங்கம்மா இருக்காங்க?" "தங்கச்சி." "பாக்கப் போறீங்களா, கூட இருக்கப் போறீங்களா?" "பேசப் போறேன்." "பேசறதுக்கு இத்தன தூரமுங்களா? போன்ல பேசுனா வேலை முடிஞ்சுதுங்க." சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். டப்பா மூடியில் ஒரு கரண்டி சோறு எடுத்து வைத்து நீட்டுகிறாள், வேண்டாம் என்று சொல்ல விடவில்லை. நன்றாக இருக்கிறது. புளிப்பு, பட்டை, ஆறிப்போன சோற்றுக்கே உள்ள ஒரு சமாதானம். மணி இரண்டரை.

ஒரே ஒரு வாக்கியம். அப்படித்தான் இத்தனை வருடமும் அதை நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் அது என் வாக்கியம் இல்லை, அவளுடையது. எனக்கு டைபாய்டு வந்து ஒரு வருடம் போனதில் நானும் அவளும் ஒரே வருடம் பி.யு.சி. முடித்தோம், கடம்பூரிலிருந்து தினம் ரயிலில் போய்வந்து. மார்க் வந்தது. அவளுக்கு என்னைவிட நாற்பத்தொன்று கூட. அன்று மத்தியானம் அப்பா வெள்ளை யூனிபாரத்தோடு சாப்பிட உட்கார்ந்தார், ஒரு பாசஞ்சருக்கும் ஒரு கூட்ஸுக்கும் நடுவில் அவருக்குக் கிடைக்கிற இருபது நிமிஷம். ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார், "ஒருத்தியத்தான் ஹாஸ்டல்ல போட்டுப் படிக்க வைக்க முடியும். யாரு போறியோ, நீங்களே சொல்லிருங்க." கோபமாக இல்லை, வருத்தமாகவும் இல்லை, இரண்டு வண்டிக்கு ஒரே லைன் இருந்தால் எதை முதலில் விடுவது என்று கேட்கிற குரலில். என் தட்டில் ரசம் ஓடி நின்ற இடத்தில் மூன்று கடுகு. அந்தக் கடுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரமு என்னைப் பார்க்கிறாள் என்று கன்னத்துக்குத் தெரிந்தது. நான் நிமிரவில்லை. எவ்வளவு நேரம் இருக்கும், பத்து விநாடி இருக்குமா. அப்புறம் அவள் சொன்னாள், "அக்காவே போட்டும்ப்பா." அவ்வளவுதான். அப்பா கை கழுவ எழுந்துவிட்டார். ஜூனில் நான் பாளையங்கோட்டைக்குப் போனேன், அடுத்த தையில் அவள் டெல்லியில் மத்திய சர்க்கார் குமாஸ்தா ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அந்த இரண்டு சொல்லைப் பிறகு எத்தனை தரம் கேட்டிருப்பேன். ஹாஸ்டல் கட்டிலில், நூலகத்தில் அலமாரிகளுக்கு நடுவில், என் கணவர் போன பிறகு வெறும் வீட்டில். ஒருநாள் அதில் அன்பு கேட்கும். ஒருநாள் குத்தல் கேட்கும், அந்த 'வே'யில் ஒரு சின்ன அழுத்தம், நீதானே எல்லாவற்றிலும் முதல் என்பது போல. ஒருநாள் ஒன்றுமே கேட்காது, சும்மா அலுப்பு, தட்டை நகர்த்துகிற அலுப்பு. கவிதை வாசிக்கக் காது இருக்கிறது எனக்கு என்று பேராசிரியை ஒருத்தி சொன்னாள், அந்தக் காதை வைத்துக்கொண்டு என் தங்கையின் ஒரு வாக்கியம் எந்தத் தொனியில் சொல்லப்பட்டது என்று ஐம்பது வருடமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டிருக்கலாமே என்றால், எப்படிக் கேட்பது. அவள் லீவுக்கு வருவாள், கை நிறையப் பிள்ளை, பெட்டி, டெல்லிக் குளிருக்கு வாங்கின ஸ்வெட்டரைக் காட்டுவாள், என்னைக் காலேஜுக்காரி என்று கூப்பிடுவாள். காலேஜுக்காரி, இந்த முருங்கைக்காய நறுக்கு பாப்போம். அதிலும் தொனி தெரியாது. இன்றைக்குக் கேட்கப் போகிறேன். அதே குரலில், அது எவ்வளவு தேய்ந்திருந்தாலும், அவள் பதில் சொல்லிக் கேட்கப் போகிறேன். நாளைக்கு அவள் எழுதிக் காட்டுவாள், எழுத்தில் எல்லாம் இருக்கும், இது இருக்காது.

காது அடைத்திருக்கிறது. இரைச்சல் தண்ணீருக்கடியில் கேட்கிற மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது, வெந்நீர்க் கோப்பை ஆறிவிட்டது, யாரோ அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். விமானம் நிற்கிறது, ஸ்டேஷன் பெயர் தெரியவில்லை, ஆனால் நிற்கிறது, வெளியே மேகத்தில் கூடை வைத்துக்கொண்டு பெண்கள் வெள்ளரிப் பிஞ்சு விற்கிறார்கள். நடைபாதையில் அம்மா வருகிறாள், தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு, அரக்குச் சிவப்புப் புடவை, கொண்டையில் ஊசி. ஒவ்வொரு வரிசையிலும் நின்று, நீங்க எந்தத் திசை, நீங்க எந்தத் திசை என்று கேட்டுக் கேட்டு அவரவர்க்குத் தயிரும் வெல்லமும் கொடுக்கிறாள், எல்லாம் சும்மா, விலையே இல்லை. எங்கள் வரிசைக்கு வந்ததும் தூங்குகிறவர் எழுந்து தெற்கே என்கிறார். இது வடக்கே போகிற வண்டி என்கிறேன் நான், அவர் கேட்கவில்லை. அம்மா என் பக்கம் திரும்பி, பிரமு எங்கே என்கிறாள். ஜன்னல்கிட்ட இருந்தாளே. பாஸில் ரெண்டு பேர் பேரும் போட்டிருக்கே, ஒருத்தி மட்டும் உக்காந்திருக்க. நான் சொல்ல வாயைத் திறக்கிறேன், வாயில் தக்காளிச் சோறு. மெல்லுகிறேன், முடியவில்லை, மென்றுகொண்டே இருக்கிறேன், அம்மா காத்திருக்கிறாள், வண்டியில் பால் ஆடை கட்டுகிறது.

டிங். கண்ணைத் திறந்தால் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மைக்கில் ஓர் ஆண் குரல், இங்கிலீஷில், பிறகு இந்தியில், அவசரமே இல்லாமல். மயிலாத்தாள் என் கையைத் தொடுகிறாள். "என்னங்கம்மா சொல்றாங்க?" "டெல்லியில புழுதிப் புயலாம். எறங்க முடியாது. நிக்கிற வரைக்கும் மேலயே சுத்துவாங்களாம்." "எத்தன நேரமுங்க?" "சொல்லல." "டவுன் பஸ்ஸுன்னாக் கூட எறங்கி நடந்துருவோம்" என்கிறாள், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு. தூங்கினவர் விழித்து ஜன்னலைத் திறந்துவிட்டார். வெளியே நீலம் இல்லை, வெள்ளை இல்லை, ஆறின டீயின் நிறம். இறக்கையின் நுனி அதற்குள் போய்ப் போய் வருகிறது. இதற்குக் கீழேதான் எங்கேயோ அவள் படுத்திருக்கிறாள். பத்து மைல் இருக்குமா, கீழ்நோக்கி ஆறு மைல் இருக்குமா. மணி நாலே கால். நாலரை. ஒரு சுற்றுக்கு எட்டு நிமிஷம், நான் எண்ணிவிட்டேன். இப்போது இறங்கினால் ஆறரைக்குப் போகலாம். இன்னும் இரண்டு சுற்று கழித்து இறங்கினால் ஆறே முக்கால். பார்வையாளர் நேரம் ஏழு வரை என்று மங்கை சொல்லியிருக்கிறாள். செவ்வாய் வந்திருந்தால் இப்போது அவளோடு இரண்டு வாரம் இருந்திருப்பேன், அலுத்துப்போய்ச் சண்டைகூடப் போட்டிருப்போம். ஒரு வாய் பால். ஒரு வாய் பாலைக் குடித்துவிட்டு வந்திருக்க வேண்டியதுதானே, அதுதான் அதற்கு வழி என்று அம்மாவே சொல்லி வைத்திருக்கிறாளே, பரிகாரத்தை விட்டுவிட்டுச் சூலத்தை மட்டும் பிடித்துக்கொண்ட படிப்பு என்ன படிப்பு. இல்லை, சூலமும் இல்லை. சூலம் ஒரு சாக்கு. பச்சையும் ஒரு சாக்கு. அவளைப் பார்க்கப் பயம். அவள் 'குத்தலாத்தான்க்கா சொன்னேன்' என்று சொல்லிவிட்டால், என்னிடம் ஒரு சாயங்காலமோ நாலு நாளோ மிச்சம் இருந்து என்ன ஆகும். அதனால்தான் இரண்டு வாரம் தள்ளி வைத்தேன். அப்பாவின் முன்னால் பத்து விநாடி. இப்போது இரண்டு வாரம். இதே நான்தான். விமானம் மறுபடி சாய்கிறது. மைக்கில் அந்தக் குரல், ஜெய்ப்பூருக்குத் திருப்புகிறோம் என்கிறது, எரிபொருள் போட்டுக்கொண்டு காத்திருப்போம், உங்கள் பொறுமைக்கு நன்றி.

ஜெய்ப்பூரில் இறங்கி ஓர் ஓரமாக நிறுத்தினார்கள். யாரும் இறங்கக் கூடாது. எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் உயிர் பெற்று, சின்னச் சின்னச் சத்தங்களாக விமானம் முழுக்கப் பூச்சி கத்துகிற மாதிரி ஆனது. என் போனில் மங்கை ஏழு முறை கூப்பிட்டிருந்தாள். திரும்பக் கூப்பிட்டேன். "பெரியம்மா, எங்க இருக்கீங்க? லேண்ட் ஆயிட்டீங்களா?" "ஜெய்ப்பூர்ல இருக்கேன் மங்கை. இங்க எறக்கிட்டாங்க. அம்மாட்டக் குடு." பின்னால் ஏதோ இயந்திரம் சீராக ஒலித்துக்கொண்டிருந்தது. "பெரியம்மா, மத்தியானம் அம்மாவுக்கு மூச்சு முட்டிருச்சு. ரெண்டரை மணி இருக்கும். உடனே கழுத்துல ஓட்டை போட்டு ட்யூப் வச்சுட்டாங்க. இப்ப நல்லா இருக்காங்க. ஆனா பேச முடியாது. இனிமே முடியாது. நாளைக்கு ஆபரேஷன் நடக்கும்." நான் வாட்சைப் பார்த்தேன், எதற்கு என்று தெரியவில்லை. "முழிச்சிருக்காளா?" "முழிச்சுதான் இருக்காங்க. எல்லாம் கேக்குது. நீங்க பேசுங்க, நான் காதுல வைக்கிறேன்." ஏதோ துணி உரசியது. பிறகு அந்தச் சத்தம் பக்கத்தில் வந்தது, குரல் இல்லை, ஒரு குழாய்க்குள் காற்று போவதும் வருவதும். அது அவள்தான். மயிலாத்தாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "பிரமு" என்றேன். காற்று போயிற்று, வந்தது. "பிரமு, நான்தாண்டி. வந்துக்கிட்டே இருக்கேன்." போயிற்று, வந்தது. "அன்னைக்கு அப்பா கேட்டப்ப நான் வாயத் தொறந்திருக்கணும். உனக்குத்தான் மார்க் கூட. நீ போன்னு நான் சொல்லியிருக்கணும். எனக்குப் போணும்னு ஆசையா இருந்துது பிரமு, அதான் சொல்லல. தெரிஞ்சுதான் சொல்லல." முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். காற்று ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது, இல்லை, நான் மூச்சை நிறுத்தியதால் அப்படித் தோன்றியிருக்கலாம். பிறகு வேகமாக வந்தது, இரண்டு மூன்று முறை. மங்கை போனை எடுத்தாள். "பெரியம்மா, அம்மா கைய ஆட்டுறாங்க." "என்ன சொல்லுதா?" "தெரியல பெரியம்மா. போதும்ங்கிறாங்களா, இன்னும் பேசச் சொல்றாங்களான்னு புரியல. சிரிக்கிற மாதிரியும் இருக்கு, அழற மாதிரியும் இருக்கு. வைக்கட்டுமா?" "வைக்காதே" என்றேன். "திருப்பி அவ காதுல வையி." என்ன பேசினேன் என்று முழுவதும் நினைவில்லை. தக்காளிச் சோற்றைப் பற்றிச் சொன்னேன், வெந்நீர் மட்டும் சும்மா தருகிறார்கள் என்றேன், பக்கத்தில் திருப்பூர் அம்மா ஒருத்தி இருக்கிறாள் என்றேன். மயிலாத்தாள் குனிந்து என் போனருகே வாயை வைத்து, "நல்லா இருப்பீங்கம்மா, உங்க அக்காளப் பத்திரமாக் கொண்டாந்து விட்டர்றேனுங்க" என்றாள். போனில் சார்ஜ் தீருகிறவரை பேசினேன். அந்தக் காற்று போய் வந்துகொண்டிருந்தது.

புயல் ஓய்ந்து விமானம் மறுபடி கிளம்பி, நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மறுநாள் காலை ஆறு மணி. என்னை உள்ளே விடவில்லை. எட்டரைக்கு அவளைக் கொண்டுபோனார்கள், ஸ்ட்ரெச்சர் தாண்டும்போது போர்வையிலிருந்து ஒரு கால் வெளியே தெரிந்தது. பிரமு அதற்குப் பிறகு நாலு வருடமும் இரண்டு மாதமும் இருந்தாள். கோடு போட்ட நோட்டில் எழுதிப் பேசினாள். காய்கறிக்காரனோடு விலை, மங்கையோடு சண்டை, எனக்கு வாராவாரம் இரண்டு பக்கம். பி.யு.சி. முடித்த வருடத்தைப் பற்றி நான் ஒருமுறை கேட்டதற்கு, ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்தாள். பதினோரு நோட்டு நிறைந்தது. பன்னிரண்டாவதில் ஆறு பக்கம் எழுதியிருந்தாள், ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெல்லியிலேயே இறந்துபோனாள்.